நீளக் குழலுக்கு ஓர் உறை

“துப்பாக்கிக் குழல் இவ்வளவு நீளம்னா நேராத் தொங்குற உறை வேணாம்ணே, உக்காரும்போது இடிக்கும். வயித்துப் பக்கம் சாய்வா வர்றத எடுத்துக்குங்க,” என்றார் ஹாலிஸ். அமெரிக்காவின் மொன்டானா மலையடிவாரத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர்.

ரிவால்வரை மேசைமேல் வைத்துவிட்டு லோவெல் ஒதுங்கி நின்றார். அவர் மனைவி வெர்னாதான் தோல் உறைகளைப் புரட்டிப் பார்த்தாள்.

“கரடி வந்தா சட்டுனு உருவ வருமா?”

“வரும்க்கா. அண்ணன் இடுப்புல இது இருந்தா நீங்க தைரியமாக் காட்டுக்குள்ள போகலாம்.” அளவு நாடாவோடு லோவெல்லை நெருங்கினார் ஹாலிஸ்.

“அளவு எனக்கு எடுங்க,” என்றாள் வெர்னா.

“உங்களுக்கா?”

“போன வாரம் பழம் பறிக்கப் போனோம். கரடி வந்துச்சு. துப்பாக்கி இவர் இடுப்புலதான் இருந்துச்சு. ஓடிப்போய் வண்டில ஏறிக் கதவப் பூட்டிக்கிட்டார். நான் வெளிய நின்னேன். கரடியாப் பாத்து விட்டுட்டுப் போச்சு.”

ஹாலிஸ் நாடாவைச் சுருட்டினார். லோவெல் தானே உறை கோத்த பெல்ட்டை எடுத்து, மனைவியின் இடுப்பில் சுற்றி, குனிந்து கொக்கியை மாட்டினார்.

“மாட்டியாச்சுல்ல, விடுங்க,” என்றாள் வெர்னா.

அவர் நிமிரவில்லை.