வெல்ஷிலிருந்து நேரடியாக

மாரெட் மைக் முன்னால் நின்று தன் தாய்மொழியில் பேசத் தொடங்கியதும் எனக்கு முதுகு வேர்த்துவிட்டது.

ஆங்கிலத்தில்தான் பேசுவார் என்று நம்பி வந்திருந்தேன். வேல்ஸிலிருந்து இந்தியா வந்த இந்தப் பத்து நாளும் போன ஊரிலெல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசியிருக்கிறார். கோயமுத்தூரில் மட்டும் எதற்கு வெல்ஷ்?

எல்லாம் என்னால்தான்.

எங்களுக்குப் பின்னால் தொங்கிய பேனரில் என் புத்தகத்தின் அட்டையைப் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். மாரெட் கவிதைகள். தமிழில் லட்சுமணசாமி. அதற்குக் கீழே, வெல்ஷ் மொழியிலிருந்து நேரடியாக.

கடைசி வரி பொய்.

ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மொத்தப் புத்தகத்தையும் செய்தேன். போனில் ஒரு ஆப்பை இறக்கி நான்கு மாதம் வெல்ஷ் படித்தது உண்மை. அந்த வெல்ஷை வைத்துக் காலை வணக்கம் சொல்லலாம், நன்றி சொல்லலாம், முடிந்தால் அரைக் கிலோ வெங்காயம் வாங்கலாம். கவிதைப் பக்கம் போக முடியாது.

"நேரடியாகத்தானுங்களே சார்?" என்று பதிப்பகத்தில் கேட்டபோது தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு ஒரு சமாதானம்.

முன்னுரை வேறு பன்னிரண்டு பக்கம். ஆயிரத்து ஐந்நூறு வருடமாகக் கவிதை எழுதிவரும் மொழி என்று ஆரம்பித்திருந்தேன். சிறந்த கவிதைக்கு நாற்காலி செய்து பரிசளிக்கும் அவர்கள் திருவிழாவையும், மாரெட் அப்படி ஒரு நாற்காலி வாங்கியதையும் எழுதினேன். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் பேசிய பிள்ளைகளின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டு அடித்த கதையை எழுதிப் பல பேரை அழவைத்தேன். அந்தக் கட்டை என் கழுத்தில் ஏறியிருக்கவே ஏறியிருக்காது. ஒரு வாக்கியமாவது பேசத் தெரிந்தால்தானே.

அவரிடம் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நேற்று விமான நிலையத்துக்குப் போகவில்லை. இன்றும் உக்கடத்தில் டிராபிக் என்று மெர்சிக்குப் போன் செய்துவிட்டு, வேண்டுமென்றே பதினொன்றரைக்குத்தான் வந்தேன். மெர்சிதான் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்.

மேடை ஏறியதும் மாரெட் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதுப் பெண், கண் சிவந்திருந்தது. பயண அலுப்பு என்று நினைத்தேன்.

"வெளிநாட்டு மேடையில் ஆங்கிலம் இல்லாமல் நான் பேசப்போவது இதுதான் முதல் தடவை. நீங்கள் இருக்கிறீர்களே," என்றார் ஆங்கிலத்தில்.

அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதற்குள் அவரைப் பேச அழைத்துவிட்டார்கள்.

இரண்டு நிமிடம் பேசினார். மெதுவாக, நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். எனக்குப் பிடிபட்டவை மூன்று சொற்கள். காலை. அம்மா. கோயமுத்தூர்.

பேசி முடித்து என்னைத் திரும்பிப் பார்த்தார். அரங்கில் இருந்த முந்நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்று காலை சிறுவாணித் தண்ணீரைக் குடித்ததும் பெற்ற தாயின் நினைவு வந்துவிட்டதாம்," என்றேன். "கோயமுத்தூரும் எனக்கு ஒரு தாய்தான் என்கிறார்."

கைதட்டல் கூரையில் மோதியது. சிறுவாணியைச் சொன்னால் எங்கள் ஊரில் யார்தான் சும்மா இருப்பார்கள். கடைசி வரிசையில் விசில்கூட அடித்தார்கள்.

மாரெட் திகைத்துப்போய்க் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் கேட்டார். "இதற்கு இங்கே கைதட்டுவார்களா?"

எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை. "ஆமாம், எங்கள் ஊர் வழக்கம்," என்றேன்.

அவர் கண் நிறைந்துவிட்டது. பிறகு அவரும் மெல்லக் கைதட்ட ஆரம்பித்தார். அதைப் பார்த்த கூட்டம் இன்னும் உற்சாகமானது.

தப்பித்தோம் என்று நினைத்தேன். சந்தோஷமாகவே நினைத்தேன். மற்றதையெல்லாம் எப்படியாவது ஆற்றிக்கொள்ளலாம், அந்தச் சந்தோஷத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பக்கவாட்டுப் படியில் மெர்சி அவசரமாக ஏறி வந்தார். அதுவரை அரங்கத்துக்கு வெளியே போனில் இருந்திருக்கிறார். என் காதருகில் வந்து பேசினார்.

"சார், ராத்திரி ஃபிளைட்டுக்கே டிக்கெட் மாத்தியாச்சுங்க. பாவமுங்க, காலைல அவங்கம்மா தவறிட்டாங்கன்னு ஊர்ல இருந்து போன் வந்துச்சு. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம், மேடைல என் பாஷைல நானே சொல்றேன், சார் தமிழ்ல சொல்லுவாருன்னு சொல்லிப்போட்டாங்க. எல்லாரும் ஒரு நிமிஷம் எந்திரிச்சு நிக்கணும்னு கேக்கறேன்னாங்க. கேட்டாங்களுங்களா?"

நான் மைக்கைக் கையில் எடுத்தேன். மாரெட் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள்," என்றேன்.

எதற்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

முந்நூறு பேரும் எழுந்தார்கள். எழுந்து நின்று, முன்னைவிடப் பலமாகத் தட்டினார்கள்.