ஜான்சி சொன்ன விலை

"ஒண்ணைச் சரியாச் சொல்லலாம். வரிசையா மூணையும் ரூபாய் பிசகாமச் சொல்ல முடியுமா? யாரோ விலையை முன்னாடியே காட்டியிருக்காங்க."

முதல் மாடி சுந்தரவல்லி இதைப் பக்கத்து வீட்டுச் சம்பத்திடம்தான் சொன்னாள். ஆனால் குமரேசன் காதில் விழும்படி சொன்னாள்.

சேலையூரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா அப்போதுதான் முடிந்திருந்தது. நாற்காலிகளைக்கூட இன்னும் மடக்கவில்லை. குமரேசன் சங்கச் செயலாளர். போட்டி நடத்தும் பொறுப்பு அவர் மனைவி கீதாவுடையது.

கீதா ஒரு மாதமாக யூடியூபில் நாடு நாடாக டி.வி. போட்டிகளைப் பார்த்துத் தள்ளியிருந்தாள்.

"ஜப்பான்காரன் வழுக்குற படியில ஏறச் சொல்றான். இங்க பாதிப் பேருக்கு மூட்டு வலி. கொரியாவுல முகமூடி போட்டுப் பாடச் சொல்றான். நம்ம ஆளுங்க முகமூடி இல்லாமலே பாடுவாங்க, கேக்கத்தான் முடியாது. அமெரிக்காக்காரன் போட்டிதான் சரி. பொருளைக் காட்டுவான். யார் விலையைச் சரியாச் சொல்றாங்களோ, பொருள் அவங்களுக்கு."

சங்கப் பணத்தில் ஆன்லைனில் பொருள்களை வாங்கியவளும் அவள்தான். விலைகளை அட்டைகளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் பூட்டி வைத்தாள். அவள் சொன்ன விலைகளை அப்படியே சங்கக் கணக்கில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டவர் குமரேசன். ஆக, விலை தெரிந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.

முதலில் ஹாட்பாக்ஸ். இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஜான்சி, "அறுநூத்து நாப்பத்தொம்போது" என்றாள்.

அட்டையில் இருந்ததோ ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

"என்ன ஜான்சி, ரேஷன் கடையிலயா வாங்குவே?" என்று பின்வரிசையிலிருந்து ரவி கேட்க, கூட்டம் சிரித்தது. சம்பத் மட்டும் போனை எடுத்தார். "இருங்க, ஆன்லைன்ல என்ன போட்டிருக்கான்னு நானும் பார்க்கிறேன்."

கீதா அவசரமாக அடுத்த பொருளைத் தூக்கிக் காட்டினாள். அயர்ன் பாக்ஸ். இந்த முறை ஜான்சி முந்திக்கொண்டு சொன்ன விலை அட்டையில் அப்படியே இருந்தது. பிறகு மிக்சி. அதுவும் சரி. கடைசியாக இண்டக்‌ஷன் அடுப்பு.

"நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது."

அதுவும் சரி. சம்பத் போனை எப்போதோ பைக்குள் போட்டுவிட்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் பேச்சு கிளம்பிவிட்டது.

"செயலாளர் வீட்டு பீரோவுல இருந்த விலை மாடிக்கு எப்படிப் போச்சு?" என்றாள் சுந்தரவல்லி. "அடுத்த கூட்டத்துல வேற செயலாளரைப் பார்த்துக்கலாம்."

கீதா கணவனை ஓரமாக இழுத்துப் போனாள். "அவ ஸ்கூட்டருக்கு நிழலாப் பார்த்து இடம் ஒதுக்கினது நீங்கதானே? இதையும் சொல்லிட்டீங்களா?"

"பைத்தியமா உனக்கு? நான் ஏன் சொல்றேன்?"

"அப்ப போய்க் கேளுங்க. அவ வாயாலயே வரட்டும். நான் இங்க படிக்கிட்ட நிக்கிறேன்."

அந்தக் குடியிருப்பில் குமரேசன் மேல் இதுவரை ஒரு சொல் வந்ததில்லை. இன்று வந்துவிட்டது. அவர் விடுவிடுவென்று படியேறினார்.

ஜான்சியின் கதவு திறந்தே இருந்தது. ஜெயித்த மூன்று பொருள்களும் வாசலை ஒட்டி, எடுத்துப் போகத் தயாராக இருந்தன.

"யாராவது வருவீங்கன்னு தெரியும் சார். எடுத்துட்டுப் போயிடுங்க. அட்டையை எட்டிப் பார்த்துட்டேன்னு வாட்ஸப் குரூப்புல போட்டுடறேன்."

"பார்த்தியாம்மா?"

"இல்ல சார்."

"பார்க்காமலே ஏன் பார்த்தேன்னு சொல்லணும்? யாரைக் காப்பாத்தப் பார்க்கிறே?"

"விட்டுடுங்க சார்."

"எப்படிம்மா விடறது? நான்தான் உனக்குக் காட்டினேன்னு கீழே பேசறாங்க."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. போனை எடுத்து நீட்டினாள்.

"புது வீட்டுக்கு வேணும்னு இதையெல்லாம் ஆன்லைன் ஷாப்பிங் கார்ட்ல போட்டு வெச்சிருக்கேன் சார். தினமும் ட்ரெயின்ல போறப்ப விலை இறங்குதான்னு பார்ப்பேன்."

திரையில் இண்டக்‌ஷன் அடுப்பு. ரூபாய் 4,999 என்று போட்டு, அதன் குறுக்கே கோடு இழுத்திருந்தது. அதன் கீழே தடித்த எழுத்தில் 1,899.

"ரெண்டு மாசமா இந்த விலைதான் சார்."

குமரேசன் தானே விரலால் தள்ளிப் பார்த்தார். மிக்சி. அயர்ன் பாக்ஸ். ஹாட்பாக்ஸ். எல்லாவற்றிலும் ஒரு கோடு போட்ட விலை, அதன் கீழே பாதிக்கும் குறைவாகவோ பாதியாகவோ இன்னொரு விலை. சங்கக் கணக்கில் அவர் கையெழுத்துப் போட்டதெல்லாம் கோடு போட்ட விலைகள்.

"ஹாட்பாக்ஸுக்கு வெள்ளந்தியா நிஜ விலையைச் சொல்லிட்டேன். கீதா அக்கா அட்டையைப் படிச்சதும்தான் புரிஞ்சுது. சம்பத் சார் வேற தேட ஆரம்பிச்சுட்டாரு. யாரும் தேட வேணாம், அட்டையில இருக்கறதே சரியான விலைன்னு ஆகட்டும்னுதான், அப்புறம் கோடு போட்ட விலையாவே சொன்னேன்."

"ஏம்மா?"

"உங்க பொண்ணு முதல் வரிசையில உட்கார்ந்து அம்மாவை வீடியோ எடுத்துக்கிட்டிருந்தா சார்."

கீழே படிக்கட்டிலிருந்து கீதாவின் குரல் வந்தது.

"என்னங்க, திருட்டை ஒத்துக்கிட்டாளா, இல்லையா?"