பங்கில் வந்த சார்ஜர்

"என் பேட்டரியை அவர் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க," என்றான் தம்பி, சுவரைப் பார்த்து.

"என் சார்ஜரை அவன் தொடக்கூடாதுன்னு சொல்லுப்பா," என்றார் அண்ணன், எதிர்ச் சுவரைப் பார்த்து.

"அப்ப ரெண்டும் ஆசைப்பட்டுத் தானாப் போய் ஒட்டிக்குமா?" என்றான் நடுவில் நின்ற வயர்மேன்.

படகுத்துறைக் கொட்டகையில் வேறு யாரும் இல்லை.

அப்பா விட்டுப்போன மோட்டார் படகைத் தாய்மாமன் பங்கு பிரித்த அழகு அது. ஒருவருக்கும் குன்றிமணி அளவு குறையக்கூடாது என்று, படகை மகளுக்கும், பேட்டரியைச் சின்னவனுக்கும், சார்ஜரைப் பெரியவருக்கும் கொடுத்தார். அப்படியொரு நியாயம். அன்றிலிருந்து படகு கட்டிய இடத்தை விட்டு நகரவில்லை.

அண்ணன் தம்பி பேச்சும் அன்றோடு நின்றது.

தம்பி தன் பங்கைக் கடை விளக்குக்குப் போட்டுக்கொண்டான். பெரியவரின் பங்கு பரணில் கிடந்தது. போன வாரம் அதை விற்கப் பார்த்தார். வாங்க வந்தவன் சார்ஜரை ஓட விட்டு, இரண்டு கவ்விகளிலும் மீட்டரை வைத்தான். முள் அசையவில்லை.

'அண்ணன் பங்குக்கு வந்தது செத்த சரக்கு' என்று கடைத்தெரு முழுக்கத் தமுக்கடித்தது தம்பிதான்.

பெரியவர் மூன்று தலைமுறை வியாபாரி. செத்த சரக்கை யார் தலையிலோ கட்டினார் என்று சொல்லியிருந்தால் உள்ளூர மகிழ்ந்திருப்பார். அது தொழில். செத்த சரக்கைத் தன் தலையில் கட்டிக்கொண்டு வந்தார் என்றால், நாளைக்கு எவன் மதிப்பான்?

வயர்மேன்தான் வயிற்றில் பால் வார்த்தான். இந்தச் சார்ஜர் சும்மா தொங்கும் கவ்விக்குக் கரண்டு விடாதாம். எதிரே பேட்டரி இருப்பது தெரிந்தால்தான் வாயைத் திறக்குமாம்.

ஊரில் வேறு பேட்டரி இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் பழி சொன்ன வாய் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டாமா?

வயர்மேன் தூது போய்ப் பேச்சு இப்படி முடிந்தது. பச்சை விளக்கு எரிந்தால் தம்பி கடைத்தெருவில் நின்று, 'நான் சொன்னது தப்பு' என்று சொல்ல வேண்டும். எரியாவிட்டால் அண்ணன் சார்ஜரைக் கடலில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

வயர்மேனுக்கு இடது புருவம் கிடையாது. முன்னொரு நாள், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரிக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்ததில் போனது. அதிலிருந்து அவன் சொல் வேதவாக்கு.

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னான். பேட்டரியிலிருந்து வாயு வரும், அடைத்துவைத்தால் ஆபத்து. மோதிரங்களைக் கழற்றச் சொன்னான். அண்ணன் தன்னுடையதைத் தன் பையில் போட்டுக்கொண்டு பொத்தானையும் மாட்டினார். தம்பியும் அப்படியே.

சிவப்புக் கவ்வியைப் பிளஸில் மாட்டினான். கறுப்பை மைனஸில். அதற்குப் பிறகுதான் சுவிட்சைப் போட்டான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"சிவப்புன்னா ஏறுது, அவ்வளவுதான். நிறைஞ்சாத்தான் பச்சை. ஏறும்போது ஆளில்லாம விட்டுட்டுப் போகாதீங்க. கழட்டறப்ப முதல்ல சுவிட்சை அணைங்க, அப்புறம் கவ்வி," என்று சொல்லிவிட்டு, வேறு வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டான்.

தூது போக ஆளில்லை.

பொருளை அவனிடம் விட்டுவிட்டு இவர் போக முடியாது. இவரிடம் விட்டுவிட்டு அவன் போக முடியாது. பெரியவர் சார்ஜரை மடிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். தம்பி பேட்டரிக்குக் காவலாக ஸ்டூலில் உட்கார்ந்தான்.

வெகுநேரம் கழித்துத் தம்பியின் கை தீப்பெட்டியைத் தேடியது.

"சிலருக்கு ரெண்டு புருவம் இருக்கறது பிடிக்கலை போலிருக்கு," என்றார் பெரியவர், சார்ஜரிடம்.

தீப்பெட்டி பைக்குள் போனது.

"சர்க்கரை வியாதியை வெச்சுக்கிட்டு வெறும் வயித்துல உக்காந்தா மயக்கம் வரும்னு சிலருக்குத் தெரியாது," என்றான் தம்பி, பேட்டரியிடம். ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் காலால் தள்ளிவிட்டான். தரையில் வழுக்கிக்கொண்டே வந்தது.

பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது. தம்பி கடைச் சரக்கு வேறெப்படி இருக்கும்? பெரியவர் ஒன்று மிச்சமில்லாமல் தின்றார்.

அப்புறம் பேட்டரியும் சார்ஜரும் நிறையப் பேசின. பேட்டரி வீட்டில் மூத்த பையனுக்குப் பெண் பார்த்து முடிவாகிவிட்டதாம். சார்ஜர் வீட்டில் முழங்கால் வலி இப்போது தேவலையாம். பத்திரிகை வைக்கப் பேட்டரி வந்தால் சார்ஜர் வீட்டில் கதவைத் திறப்பார்களா? பேட்டரி சம்சாரத்தோடு வந்தால் திறப்பார்களாம்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

தம்பி எழுந்து சோம்பல் முறித்தான். அன்றைக்கு முதல்முறையாக அண்ணனின் முகத்தைப் பார்த்தான்.

"பச்சை வந்துடுச்சாண்ணே?"

பெரியவர் சார்ஜர் மேலிருந்த உள்ளங்கையை எடுக்கவில்லை. மத்தியானத்திலிருந்தே எடுக்கவில்லை.

"எங்கடா! இன்னும் சிவப்புலயேதான் நிக்குது."

தம்பி அந்தக் கையைப் பார்த்தான். அரை இருட்டில் விரல் இடுக்குகள் எல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தன.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, செத்த சரக்குன்னு," என்றபடி மறுபடியும் உட்கார்ந்தான். "நாளைக்கும் வெச்சுப் பார்த்துடுவோம்."