தூக்கணாங்குருவி போட்ட வெப்சைட்

கூடு கட்டிக் காட்டினால்தான் பெண் குருவி குடிவரும் என்பது தூக்கணாங்குருவிகளின் வழக்கம். அப்படித்தான் ஓர் ஆண் குருவியும் நார் கிழித்து முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தது. அந்நேரம் பார்த்துக் காக்கை வந்து, "இன்னுமா மரத்துல தொங்கவிடுறே? வெப்சைட் போடுப்பா, உலகமே பார்க்கும்" என்றது.

குருவி நாரைக் கீழே போட்டுவிட்டு டெம்ப்ளேட் தேட உட்கார்ந்தது. முதலில் பின்னணி கறுப்பாக இருந்தது. கறுப்பெல்லாம் பழசு என்று காக்கை சொன்னதும் வெள்ளையானது. பிறகு, நிறைய வெற்றிடம் விடுவதுதான் இப்போதைய ஃபேஷன் என்றது காக்கை. வெற்றிடத்துக்குக் குருவியிடம் பஞ்சமே இல்லை. காட்டத்தான் கூடே கிடையாதே!

மழைக்காலம் நெருங்கியபோது ஒரு பெண் குருவி வந்து, வெப்சைட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தது.

"ரொம்ப அழகா இருக்குங்க. கூடு எங்கே?"

"அந்த பேஜ் இன்னும் ரெடியாகலை. 'விரைவில்'னு போட்டிருக்கேன் பாருங்க. அலகால தொட்டா அந்த எழுத்து ஆடும்!"

எழுத்து ஆடியது. பெண் குருவி அதைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கிளையில் கோணலாகத் தொங்கிய கூட்டுக்குள் போய் முட்டையிட்டது.

மழை பிடித்துக்கொண்டது. நனைந்த இறகை உதறியபடி ஆண் குருவி காக்கையிடம் வருத்தப்பட்டது: "ஃபாண்ட் அவளுக்குப் பிடிக்கலை போலிருக்கு. மாத்திடுவோமா?"