வாசலில் மண்கட்டி

“நிலச் சட்டம் ஒரு எழுத்துக்கூட மாறாது! மாறப்போகுதுன்னு புரளி கிளப்பறவனுக்குச் சவுக்கடி! இது ராஜா உத்தரவு!”

டிப்பரரி சந்தையில் முரசடித்து வாசித்து முடித்ததும், “ராஜா வாழ்க!” என்று முதல் ஆளாகக் கத்தியவர் வெதரல் துரை. கத்திவிட்டு, கூட்டத்தில் நின்ற ஃபீலிமையே பார்த்தார்.

ஃபீலிம் தலையைக் குனிந்துகொண்டான்.

துரையின் வயலெல்லாம் ஒரு காலத்தில் ஃபீலிமின் அப்பாவுடையது. முப்பது வருஷத்துக்கு முன் இங்கிலாந்துப் படையோடு வந்த துரைக்குச் சம்பளத்துக்குப் பதிலாக, நிலச் சட்டம் போட்டு அதைக் கொடுத்தார்கள். இப்போது வயலோரக் குடிசையில் இருந்துகொண்டு அதே மண்ணைக் கூலிக்கு உழுகிறான் ஃபீலிம்.

புது ராஜா எங்கள் கத்தோலிக்க மதத்துக்காரர், நிலம் திரும்பி வந்துவிடும் என்று அயர்லாந்து முழுக்கப் பேச்சு. அந்த வாயை அடைக்கத்தான் இந்த முரசு.

மறுநாள் விடிகாலை, கதவைத் திறந்த அவன் பெண்டாட்டி ஓனோரா வீறிட்டாள்.

“ஃபீலிம்! இங்க வந்து பாரு!”

வாசற்படியில் புல்லோடு வெட்டிய ஒரு மண்கட்டி. அதன் நடுவில் செருகிய முள்மரக் குச்சி. தேவதைகள் குடியிருக்கிற மரம் அது. எங்கள் பக்கம் அதை ஒருத்தரும் ஒடிக்கமாட்டார்கள்.

“யாரோ சூனியம் வெச்சிருக்காங்க” என்றாள். கைபடாமல் மண்வெட்டியால் அள்ளி ஓடையில் எறிந்தாள்.

அன்றைக்கு எவ்வளவு கடைந்தும் வெண்ணெய் திரளவில்லை.

மறுநாளும் மண்கட்டி. அதற்கு அடுத்த நாளும். ராத்திரியில் நாய் குரைக்கவே இல்லை. முனகிக்கொண்டு வாலை ஆட்டியது, அவ்வளவுதான். பனியில் ஒரு காலடி. பக்கத்திலேயே எதையோ இழுத்துக்கொண்டு போன மாதிரி நீளமாக ஒரு கோடு.

“மனுஷக் காலே இல்ல இது” என்றாள் ஓனோரா.

கொல்லன் கார்மக் வந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“அட முட்டாளே, சூனியமா இருந்தாத் தேவலை. நிலம் கைமாறும்போது செய்யற சடங்குடா இது. மண்ணையும் குச்சியையும் சாட்சிக்கு முன்னால கையில குடுத்து வாங்கினா, பத்திரமே வேண்டாம்.”

“எங்க வாசல்ல எதுக்கு?”

“முரசு கேட்டியா இல்லையா? நீ ரகசியமா நிலத்துக்கு உரிமை கொண்டாடறேன்னு காட்டத்தான். நாளைக்கே சிப்பாய் வருவான், மண்ணைப் பார்ப்பான், முதுகுத்தோலை உரிப்பான். குடிசையும் போகும். கால் இழுத்து நடக்கறவன் இந்த ஊர்ல யாரு?”

வெதரல் துரை. பழைய சண்டையில் முழங்காலில் குண்டு பட்டவர்.

“சந்தையில அப்படி முறைச்சப்பவே நெனச்சேன்” என்றான் ஃபீலிம்.

மறுநாள் வெளிச்சம் வரும் முன்னே வைக்கோல் அள்ளும் கவைக்கோலோடு கதவுக்குப் பின்னால் நின்றான். வெளியே மூடுபனி. எதையோ இழுக்கிற சத்தம். நின்றது. மறுபடியும் இழுத்தது.

பனியிலிருந்து வெள்ளையாக ஓர் உருவம் வந்தது. படுக்கை அங்கி, கலைந்த நரைமுடி, முழங்கை வரை சேறு. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஓனோரா வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபீலிம் பாய்ந்து, கவையை அதன் நெஞ்சில் வைத்தான்.

“இன்னும் எங்ககிட்ட என்ன துரை பாக்கியிருக்கு, புடுங்கறதுக்கு?”

“கத்தாதே” என்றார் துரை. “என் மகன் முழிச்சுக்குவான்.”

கையில் மண்கட்டி. மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

“எங்களை மாட்டிவிடப் பார்க்கறீங்களா?”

“கதவைத் தட்டத் தைரியம் வரல. வெச்சுட்டுப் போனா நீ எடுத்துக்குவேன்னு நெனச்சேன். காலையில பார்த்தா ஓடையில கிடக்கு.” மூச்சு வாங்கியது அவருக்கு. “உங்கப்பா உன்னைப் போர்வையில சுத்தித் தூக்கிக்கிட்டு வெளிய போனாரே, அன்னைக்குப் பனி கொட்டிச்சு. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

“அப்போ சந்தையில ராஜா வாழ்கன்னு கத்துனது?”

“மகன் பக்கத்துல நின்னான். கத்தலேன்னா சந்தேகப்பட்டிருப்பான். அவன் ஒரு முழம்கூட விடமாட்டான்.”

கவை மெல்லத் தாழ்ந்தது. துரை ஓனோராவைப் பார்த்துத் தலையசைத்தார்.

“நீ சாட்சி, அம்மா. ஃபீலிம், கையை நீட்டு. அந்தப் புரளி நிஜமாகும், சட்டமே வந்து என்கிட்டேயிருந்து எடுத்து உனக்குக் குடுத்துடும்னு காத்துக்கிட்டிருந்தேன். சட்டம் மாறாதுன்னு ராஜாவே சொல்லிட்டார். இனிமே நான்தானே குடுக்கணும்?”