கேமில் வந்த ஏரி

கல்லூரி நாளில் விளையாடிய பைக் ரேஸ் கேமை, ஜாய்சன் ஞாயிறு மதியம் டிவியில் போட்டு மனைவி கெசியாவுக்குக் காட்டினான். இருபது வருஷத்துப் பழசு.

"கிராபிக்ஸ் இப்பவும் எவ்ளோ நல்லாருக்கு. அந்த ஏரித் தண்ணியப் பாரேன்."

கெசியா பார்த்தாள். "தண்ணியில நம்ம ஃபிளாட் தெரியுதுங்க."

அவன் பைக்கை நிறுத்தினான். சிட்லபாக்கத்தில் போன வருஷம்தான் கட்டி முடித்த அதே கட்டடம் நீரில் தலைகீழாக ஆடியது. அவர்கள் பால்கனியில், காலையில் அவள் காயப்போட்ட பச்சைப் புடவை. பக்கத்தில் குழந்தைத் துணிகள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் குழந்தைத் துணி வாங்கியதே இல்லை.

ஒன்றும் புரியாமல் கெசியா பால்கனிக்குப் போனாள். கொடியில் புடவை மட்டும்தான் இருந்தது.

"இப்ப நீயும் தெரியுற," என்றான் ஜாய்சன் உள்ளேயிருந்து. "கையில யாரு?"

கெசியா மார்போடு கட்டியிருந்த தன் வெறுங்கைகளைப் பார்த்தாள். அவற்றைப் பிரிக்கப் பயமாக இருந்தது.