அன்னாசிக் கடைச் சண்டை

எதிரே சூப்பர்மார்க்கெட் வந்ததும், மலேசியாவின் பெக்கான் நானாஸ் ஊரில் யோகேஸ்வரியின் அன்னாசிக் கடை வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். போதாக்குறைக்குப் பக்கத்துக் கடை புஷ்பவள்ளியோடு ஓயாத சண்டை.

“அவ பழம் ஒரே புளிப்புண்ணே, வாங்காதீங்க!” என்று கத்தினாள் யோகேஸ்வரி.

“போடி! உன் பழத்தைக் குரங்குகூடத் தொடாது லா!” என்றாள் புஷ்பவள்ளி.

வேடிக்கை பார்க்கக் காரை நிறுத்திய கிரகோரி, பாவம் பார்த்து இருவரிடமும் பழம் வாங்கினார். யோகேஸ்வரியின் கியூஆரை ஸ்கேன் செய்து பணம் கட்டியவர், புஷ்பவள்ளியுடையதை ஸ்கேன் செய்ததும் திகைத்தார்.

“அலமாக்! ரெண்டு கடைக்கும் ‘யோகேஸ் புஷ்பா டிரேடிங்’னு ஒரே பேர் வருதே?”

“மெதுவாண்ணே!” யோகேஸ்வரி கண்ணைச் சிமிட்டினாள். “நாங்க கூட்டு வியாபாரம். சண்டை போடலைன்னா யாரு காரை நிறுத்துவா? அங்க பாருங்க, சூப்பர்மார்க்கெட் மேனேஜரே வேடிக்கை பார்க்க வெளிய வந்துட்டாரு. புஷ்பா, ஆரம்பிடி!”